தரையில்தான் தடுமாற்றம்

மும்பை விமான நிலையம், 2015 டிசம்பர் 16. இரவு ஒன்பது மணி நெருங்கிக்கொண்டிருந்தது. ஹைதராபாத் செல்லும் ஏர் இந்தியா விமானத்தில் பயணிகள் ஏறி உட்கார்ந்து, கதவும் சாத்தியாகிவிட்டது. இழுவை டிராக்டர் அந்த ஏர்பஸ் 319 விமானத்தைப் பின்னோக்கித் தள்ளி, நிறுத்துமிடத்திலிருந்து வெளியே கொண்டுவந்து விட்டது. விமானத்தின் முன்பகுதிக்கு அருகே காதில் ஹெட்போன் மாட்டிய தொழில்நுட்ப ஊழியர் ஒருவர் நின்றிருந்தார். டிராக்டரையும் அதை விமானத்தோடு இணைக்கும் இரும்புத் தண்டையும் இன்னும் முழுதாக விலக்கியாகவில்லை. அதற்குள் விமானம் முன்னோக்கி நகர்ந்தது. சுழன்றுகொண்டிருந்த என்ஜின் அந்த ஊழியரை உள்ளே இழுத்துவிட்டது.

அன்று அந்த விமானம் கடந்த தூரம் சில மீட்டர்கள்தான். புயல் இல்லை, மூடுபனி இல்லை, என்ஜினில் கோளாறு இல்லை. சைகை ஒன்று தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது என்பதே முதலில் வந்த தகவல். எது எப்படியாயினும், கீழே இருப்பவர்கள் விலகிவிட்டார்கள் என்று உறுதியாகத் தெரிவதற்கு முன்பே விமானம் நகரத் தொடங்கியது. இறந்தவரின் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாயும் ஒருவருக்கு வேலையும் தருவதாக ஏர் இந்தியா அறிவித்தது. விமானிகள் பணியிலிருந்து விலக்கிவைக்கப்பட்டனர். செய்தி இரண்டு நாட்கள் முதல் பக்கத்தில் இருந்தது. பிறகு மறைந்தது.

விமான விபத்து என்றால் நம் மனக்கண்ணில் வருவது வானம்தான். மலையில் மோதியது, கடலில் விழுந்தது, ஓடுபாதையைத் தாண்டி ஓடியது என்றுதான் செய்திகள் நினைவில் நிற்கின்றன. சக்கரங்கள் தரையைத் தொட்டுவிட்டால் கண்டம் தாண்டியதாகப் பயணிகள் நினைக்கிறார்கள். சிலர் கைதட்டவும் செய்கிறார்கள். ஆனால் தரையில் நடக்கும் விபத்துகளின் கணக்கு வேறு கதை சொல்கிறது. ஃப்ளைட் சேஃப்டி ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2000களில் போட்ட மதிப்பீட்டின்படி, உலகெங்கும் ஆண்டுக்கு சுமார் 27,000 விபத்துகளும் சம்பவங்களும் விமான நிறுத்துமிடங்களில் நடக்கின்றன. அதாவது ஆயிரம் புறப்பாடுகளுக்கு ஒன்று. நஷ்டம் குறைந்தது 1,000 கோடி டாலர். இவற்றில் பெரும்பாலானவை செய்தியாவதில்லை. இறக்கை நுனியில் ஒரு சிராய்ப்பு, உடற்பகுதியில் ஒரு நசுங்கல், ஓர் ஊழியரின் உடைந்த கால். பயணிகளின் காதுக்கு எட்டுவது 'தொழில்நுட்பக் காரணங்களால் தாமதம்' என்ற அறிவிப்பு மட்டும்.

மும்பையில் என்ன தவறியது என்று புரிந்துகொள்ள, விமானம் புறப்படும் அந்த ஐந்து நிமிடத்தைக் கொஞ்சம் விரித்துப் பார்க்க வேண்டும். பயணிகள் விமானம் தானாகப் பின்னோக்கிப் போவதில்லை. மூக்குச் சக்கரத்தில் இரும்புத் தண்டு மாட்டி டிராக்டர் தள்ளுகிறது. இதற்குப் பெயர் புஷ்பேக். தள்ளும்போது விமானி தன் கருவியால் மூக்குச் சக்கரத்தைத் திருப்பிவிட்டால் தண்டு முறியும், பக்கத்தில் இருப்பவரை அடித்துப்போடும். அதனால் திருப்பும் வசதியைத் துண்டித்துவைக்க, சக்கரத்தின் அருகே ஒரு சிறு ஊசியைச் செருகுகிறார்கள். ஊசியில் நீளமான சிவப்பு நாடா தொங்குகிறது. தள்ளி முடித்ததும் விமானி கைபிரேக் போட்டதாகச் சொல்வார். கீழே இருப்பவர் தண்டைக் கழற்றுவார், ஊசியை உருவுவார், ஹெட்போன் வயரைப் பிடுங்குவார். டிராக்டர் விலகும். பிறகு அவர் விமானி கண்ணுக்குத் தெரியும் இடத்துக்கு நடந்து சென்று, சிவப்பு நாடாவைத் தூக்கிக் காட்டி, கட்டைவிரலை உயர்த்துவார். விமானி பதிலுக்குக் கை காட்டுவார். ஜன்னலோர இருக்கைக்காரர்கள் இந்தக் காட்சியை எத்தனையோ முறை பார்த்திருப்பார்கள். ஏதோ டாட்டா காட்டுகிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

அது டாட்டா இல்லை. வயரைப் பிடுங்கிய பிறகு விமானிக்கும் தரைக்கும் இடையே பேச்சுத் தொடர்பே கிடையாது. 70 டன் எடையுள்ள எந்திரத்துக்கும் அதன் காலடியில் நிற்கும் இரண்டு மூன்று பேருக்கும் நடுவே அந்தக் கட்டைவிரல் மட்டும்தான் இருக்கிறது. அதே நேரத்தில் விமானியின் காதில் கட்டுப்பாட்டுக் கோபுரம் பேசிக்கொண்டிருக்கும். நகரலாம் என்று கோபுரம் அனுமதி கொடுத்தால், அது பாதையைப் பற்றிய அனுமதி. சக்கரத்தடியில் யார் குனிந்திருக்கிறார் என்பது கோபுரத்துக்குத் தெரியாது.

என்ஜினின் குணமும் தெரிந்திருக்க வேண்டும். போயிங் 737 போன்ற விமானத்தின் என்ஜின் மிகக் குறைந்த வேகத்தில் சுற்றும்போதே, முன்னால் சுமார் 3 மீட்டர் வட்டத்துக்குள் வரும் ஆளை இழுத்துக்கொள்ளும். விமானத்தை நின்ற இடத்திலிருந்து நகர்த்த விமானி விசையைக் கூட்டும்போது இந்த வட்டம் 4 மீட்டரைத் தாண்டுகிறது. பின்னால் வெளியேறும் காற்று 30 மீட்டர் தூரத்தில்கூட ஆளைத் தள்ளிவிடும். வட்டத்துக்குத் தரையில் கோடு கிடையாது, நிறம் கிடையாது. காது அடைப்பானும் ஹெட்போனும் மாட்டிக்கொண்டு, நாலாபுறமும் என்ஜின்கள் இரைந்துகொண்டிருக்கும் இடத்தில் வேலை செய்பவருக்கு, தன் முதுகுக்குப் பின்னால் உள்ள என்ஜினின் சத்தம் மாறியதைப் பிரித்துக் கேட்பது கடினம்.

இதில் ஒரு நிர்வாகக் கோணலும் உண்டு. ஆகாயத்தில் பறக்கும் விமானத்துக்கு எஜமானர் ஒருவர்தான்: அதன் கேப்டன். தரையில் நிற்கும் அதே விமானத்துக்கு எஜமானர்கள் நால்வர். நிற்கும் இடம் விமான நிலைய நிர்வாகத்துடையது. தள்ளும் டிராக்டரும் பை ஏற்றும் வண்டியும் பெரும்பாலும் வேறொரு ஒப்பந்த நிறுவனத்தின் சொத்து. பழுது பார்ப்பவர் விமான கம்பெனியின் ஆள், அல்லது அது அமர்த்திய இன்னொரு கம்பெனியின் ஆள். நகரலாமா கூடாதா என்று சொல்வது கட்டுப்பாட்டுக் கோபுரம். நால்வரும் தத்தம் வேலையைச் சரியாகச் செய்துவிட்டதாகப் பின்னர் காகிதத்தில் நிரூபித்துவிட முடியும். நடுவில் விழுந்து கிடப்பவர் யாருடைய பொறுப்பு என்பதைக் கண்டுபிடிக்க விசாரணைக் கமிட்டி வேண்டியிருக்கிறது.

இந்த நால்வருக்கும் கீழே ஐந்தாவதாக ஒருவர் இருக்கிறார். பை தூக்குபவர், சக்கரத்துக்குக் கட்டை வைப்பவர், ஏணி தள்ளுபவர். 2024 ஜூலை 16 அன்று மும்பை காலினாவில், ஏர்போர்ட் தரைப்பணி நிறுவனமான ஏஐ ஏர்போர்ட் சர்வீசஸ் இத்தகைய வேலைகளுக்கு நேர்முகத் தேர்வு நடத்தியது. காலி இடங்கள் சுமார் 2,200. வந்து குவிந்தவர்கள் 25,000 பேர் என்று செய்திகள் கூறின. நெரிசலைச் சமாளிக்க முடியாமல், விண்ணப்பங்களை மட்டும் வாங்கிக்கொண்டு திருப்பி அனுப்பினார்கள். மாதச் சம்பளம் 20,000 முதல் 25,000 ரூபாய் வரை. பட்டதாரிகளும் அந்தக் கும்பலில் இருந்தனர். பல நூறு கோடி ரூபாய் விமானத்துக்கு ஒரு கை தூரத்தில் நிற்கப்போகிற ஆட்கள் இவர்கள்தான்.

அடுத்த ஆண்டு இன்னொன்றும் நடந்தது. 2025 மே 15 அன்று துருக்கியைச் சேர்ந்த செலெபி நிறுவனத்தின் பாதுகாப்பு அனுமதியை மத்திய அரசு ரத்து செய்தது. டெல்லி, மும்பை, சென்னை உட்பட 9 விமான நிலையங்களில் தரைப் பணிகளைச் செய்துவந்த நிறுவனம் அது. அரசியல் காரணங்கள் எல்லோரும் அறிந்தவை. அதைப் பற்றி இங்கே பேச்சில்லை. ஆயிரக்கணக்கான ஊழியர்கள் மளமளவென்று மற்ற நிறுவனங்களுக்கு மாற்றப்பட்டார்கள். விமானங்கள் பெரிய தடங்கல் இல்லாமல் ஓடின என்பது நிர்வாகத் திறமைதான். ஆனால் ஒரு விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. விமானி ஒரு ரக விமானத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற வாரக்கணக்கில் பயிற்சி வேண்டும். இறக்கைக்குக் கீழே நிற்பவரின் எஜமானர் ஒரே நாளில் மாறிவிட முடிகிறது.

அவசரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மலிவு விலை விமான கம்பெனிகளின் வியாபாரம், விமானம் தரையில் நிற்கும் நேரத்தைக் குறைப்பதில் இருக்கிறது. வந்து நின்ற விமானம் அரை மணி நேரத்துக்குள் மீண்டும் கிளம்ப வேண்டும். அந்த அரை மணிக்குள் எரிபொருள் லாரி, சாப்பாட்டு வண்டி, கழிப்பறை சுத்தம் செய்யும் வண்டி, பை ஏற்றும் பெல்ட், ஏணி, பயணிகள் பஸ் என்று பத்து வாகனங்கள் மொய்க்கின்றன. தி. நகர் ரங்கநாதன் தெருவில் தீபாவளிக்கு முந்தைய நாள் லாரிகளை விட்டால் எப்படியோ அப்படி. வித்தியாசம், இங்கே எல்லோருக்கும் ஒரு நேர அட்டவணை உண்டு. தாமதமானால் கேள்வி கேட்க ஆள் உண்டு.

விளைவுகளை டெல்லியில் பார்க்கலாம். 2022 மார்ச் 28 அன்று ஜம்மு செல்லவிருந்த ஸ்பைஸ்ஜெட் விமானம் புஷ்பேக்கின்போது விளக்குக் கம்பத்தில் மோதியது, இறக்கை சேதம். அதே ஆண்டு ஆகஸ்டில், நின்றுகொண்டிருந்த இண்டிகோ விமானத்தின் மூக்குக்கு அடியில் வேறொரு கம்பெனியின் கார் புகுந்து, சக்கரத்தில் இடிக்காமல் மயிரிழையில் நின்றது. அந்தப் படம் நாடு முழுவதும் சிரிப்பை வரவழைத்தது. 2024 மே மாதம் புனேயில், டெல்லிக்குக் கிளம்பி ஓடுபாதை நோக்கி ஊர்ந்த ஏர் இந்தியா விமானம் இழுவை வண்டியில் மோதியது. 2025 ஏப்ரலில் பெங்களூரில், நிறுத்தியிருந்த இண்டிகோ விமானத்தின் அடியில் மினி பஸ் ஒன்று போய் முட்டியது. நல்லவேளை, யாருக்கும் உயிர்ச்சேதமில்லை. நல்லவேளை என்ற சொல்லை எத்தனை முறை பயன்படுத்துவது என்பதுதான் கேள்வி.

காரும் பஸ்ஸும் ஒருபுறம் இருக்க, விமானமே விமானத்தை இடிப்பதும் நடக்கிறது. 2024 மார்ச் 27. கொல்கத்தாவில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஒன்று சென்னைக்குக் கிளம்ப ஓடுபாதைக்கு வெளியே அனுமதிக்காகக் காத்து நின்றது. தர்பங்கா செல்லும் இண்டிகோ விமானம் பக்கத்தில் ஊர்ந்து வந்தபோது அதன் இறக்கை நுனி நின்றிருந்த விமானத்தின் இறக்கையில் உரசியது. ஓர் இறக்கையின் நுனி பெயர்ந்து தரையில் விழுந்தது. சென்னைப் பயணிகள் மீண்டும் முனையத்துக்குத் திரும்பினார்கள். இண்டிகோ விமானிகள் இருவரையும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் பணியிலிருந்து விலக்கியது.

விமானிகள் கவனக்குறைவாக இருந்தார்கள் என்று சொல்வது சுலபம். ஆனால் விமானி உட்காரும் இடத்தை யோசித்துப் பார்க்க வேண்டும். கார் ஓட்டுபவருக்குப் பக்கவாட்டுக் கண்ணாடி இருக்கிறது. விமானத்தில் அது இல்லை. இறக்கை நுனி விமானிக்குப் பின்னால், பக்கவாட்டில் 15 மீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. பெரிய விமானங்களில் தலையை எவ்வளவு திருப்பினாலும் நுனி தெரியாது. 2011 ஏப்ரலில் நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்தில், உலகின் மிகப் பெரிய பயணிகள் விமானமான ஏர் பிரான்ஸின் ஏ380 இருட்டில் ஊர்ந்து போகும்போது, அதன் இறக்கை ஒரு சிறிய விமானத்தின் வாலைத் தட்டியது. சிறிய விமானம் பம்பரம் மாதிரி திரும்பி நின்றது. மறு ஆண்டே, பெரிய விமானங்களின் இறக்கை நுனிகளைக் காட்ட கேமரா போன்ற சாதனம் பொருத்தவேண்டும் என்று அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பரிந்துரைத்தது. மாருதி காரில்கூடப் பின்னால் கேமரா வந்துவிட்ட காலம் இது. விமானி இன்னமும் தரையிலுள்ள மஞ்சள் கோட்டை நம்பித்தான் போகிறார். கோட்டின் மேல் மூக்குச் சக்கரம் போனால் இறக்கைக்கு இடம் இருக்கும் என்பது ஏற்பாடு. பக்கத்து விமானம் தனக்குரிய இடத்தில், முழுமையாக உள்ளே தள்ளி நின்றிருந்தால்தான் அந்த ஏற்பாடு செல்லும்.

நிறுத்த இடம் போதாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றிலேயே மிகக் கொடிய விமான விபத்து சாட்சி. 1977 மார்ச் 27, ஸ்பெயினின் டெனரிஃப் தீவு. பக்கத்துத் தீவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் அங்கே போகவேண்டிய விமானங்கள் எல்லாம் டெனரிஃபின் சின்ன லாஸ் ரோடியாஸ் நிலையத்துக்குத் திருப்பிவிடப்பட்டன. நிறுத்துமிடம் நிரம்பி, பக்கத்து இணைப்புப் பாதையிலும் விமானங்கள் நின்றன. ஆகவே கிளம்பும் விமானங்கள் ஓடுபாதை மீதே ஊர்ந்து மறுமுனைக்குப் போகவேண்டிய நிலை. கேஎல்எம் கம்பெனியின் ஜம்போ முன்னால் போய்த் திரும்பி நின்றது. பான் ஆம் ஜம்போ அதே ஓடுபாதையில் பின்னால் வந்துகொண்டிருந்தது. மூடுபனி இறங்கியது. பான் ஆம் விலகவேண்டிய திருப்பத்தைத் தாண்டிவிட்டது.

கேஎல்எம் விமானி, தாங்கள் டேக்-ஆஃபில் இருப்பதாக ரேடியோவில் சொன்னார். கிளம்பத் தயாராக நிற்கிறோம் என்று கோபுரம் அர்த்தம் செய்துகொண்டது. விமானமோ ஏற்கெனவே ஓடத் தொடங்கியிருந்தது. 'சரி' என்ற கோபுரத்தின் முதல் சொல் மட்டும் தெளிவாகக் கேட்டது. அடுத்து, காத்திருங்கள் என்று கோபுரமும், நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்று பான் ஆமும் ஒரே நொடியில் பேச, இரண்டும் மோதி வெறும் கீச்சொலியாகப் போய்ச் சேர்ந்தன. கேஎல்எம்மின் என்ஜினியருக்கு மட்டும் சந்தேகம் வந்தது, கேட்டார். கேப்டன் அந்தக் கம்பெனியின் மிக மூத்த பயிற்சியாளர். சந்தேகம் எடுபடவில்லை. 583 பேர் இறந்தார்கள். கேஎல்எம்மில் ஒருவரும் மிஞ்சவில்லை. பான் ஆமில் பிழைத்தவர்கள் 61 பேர்.

அந்த விபத்துக்குப் பிறகு விமானப் பேச்சில் ஒரு சொல்லுக்கு விலங்கு பூட்டப்பட்டது. 'டேக்-ஆஃப்' என்ற சொல்லைக் கிளம்ப அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் தவிர வேறெப்போதும் உச்சரிக்கக் கூடாது. மற்ற சமயங்களில் 'டிபார்ச்சர்' என்றே சொல்லவேண்டும். மொழியோடு பிழைப்பு நடத்துபவர்கள் ஒரு சொல்லின் அர்த்தத்துக்காக இவ்வளவு பெரிய விலை கொடுக்கப்பட்டதாக வேறெங்கும் படித்திருக்க மாட்டார்கள்.

விலை கொடுத்தும் பாடம் முழுதாக ஏறவில்லை. 2001 அக்டோபர் 8 அன்று இத்தாலியின் மிலன் நகரில் லினாட்டே விமான நிலையத்தில் பனிமூட்டம். ஐந்தாம் எண் பாதையில் போகச் சொல்லப்பட்ட ஒரு சிறிய செஸ்னா, ஆறாம் எண் பாதையில் போய் ஓடுபாதைக்குள் நுழைந்தது. தரையில் கண்ட ஒரு குறியீட்டை அதன் விமானி ரேடியோவில் சொன்னார். கோபுரத்தில் இருந்தவருக்கு அப்படி ஒரு குறியீடு இருப்பதே தெரியாது. தரையில் ஊர்பவற்றைக் காட்டும் பழைய ரேடார் அகற்றப்பட்டுவிட்டது. புதியது இயங்கத் தொடங்கவில்லை. கிளம்பிக்கொண்டிருந்த எஸ்ஏஎஸ் விமானம் செஸ்னாவில் மோதி, பைகள் கையாளும் கட்டடத்தில் போய் விழுந்தது. 118 பேர் பலி. அதில் 4 பேர் அந்தக் கட்டடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள்.

2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவின் ஹனேடாவில் மீண்டும் ஒரு சொல். நீங்கள்தான் வரிசையில் 'நம்பர் ஒன்' என்று கோபுரம் கடலோரக் காவல்படை விமானத்திடம் சொன்னது. ஓடுபாதைக்குள் நுழைய அனுமதி கிடைத்துவிட்டதாக அதன் கேப்டன் நினைத்தார். 379 பேருடன் இறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் அதன் மீது மோதித் தீப்பிடித்தது. பெரிய விமானத்தில் இருந்த அத்தனை பேரும், பைகளை எடுக்காமல், ஒழுங்காக இறங்கித் தப்பியது உலகமே வியந்த காரியம். காவல்படை விமானத்தில் இருந்த 6 பேரில் 5 பேர் மாண்டார்கள். அவர்கள் பூகம்ப நிவாரணப் பொருள்களோடு கிளம்பியவர்கள். 'நம்பர் ஒன்' என்று வரிசை எண் சொல்வதை ஜப்பான் நிறுத்திவைத்தது.

டெல்லிக்கும் இப்படி ஒரு நாள் வர இருந்தது. 2023 ஆகஸ்ட் 23 அன்று அகமதாபாத்திலிருந்து வந்து இறங்கிய விஸ்தாரா விமானத்தைப் பக்கத்து ஓடுபாதையைக் குறுக்கே கடக்கச் சொன்னார்கள். அதே ஓடுபாதையில் பாக்டோக்ரா செல்லும் இன்னொரு விஸ்தாரா விமானத்துக்குக் கிளம்ப அனுமதியும் கொடுத்திருந்தார்கள். கடக்கவேண்டிய விமானத்தின் கேப்டனான பெண்மணி அதைக் கவனித்துக் குரல் கொடுத்தார். கிளம்பிய விமானம் நிறுத்தப்பட்டது. சொன்னதைச் செய்யாமல் ஒரு நொடி வெளியே பார்த்ததால் நூற்றுக்கணக்கானவர்கள் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

ஒருவழியாக விமானம் நிறுத்துமிடத்துக்கு வந்து நின்றுவிட்டதாக வைத்துக்கொள்வோம். பயணிகள் எழுந்து மேலே உள்ள பைகளை இழுக்கத் தொடங்குகிறார்கள். வெளியே இன்னும் ஒன்றும் முடியவில்லை. முதலில் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைக்கவேண்டும். அரசியல் பேச்சில் முட்டுக்கட்டை கெட்ட வார்த்தை. விமான நிலையத்தில் அதுதான் முதல் பாதுகாப்பு. திருவாரூர்த் தேரோட்டத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வடம் பிடிப்பவர்களை ஊர் பார்க்கும். நகரும் சக்கரத்துக்கு அடியில் கட்டையைச் செருகித் தேரைத் திருப்புகிறவரையும் நிறுத்துகிறவரையும் யாரும் பார்ப்பதில்லை. தேர் ஏறினால் முதலில் போவது அவர் கை.

விமானத்தின் முதுகிலும் வயிற்றிலும் சிவப்பு விளக்கு ஒன்று சிமிட்டிக்கொண்டிருக்கும். என்ஜின் சுழல்கிறது, கிட்டே வராதே என்று அதற்கு அர்த்தம். அது அணைந்து, என்ஜின் ஓய்ந்த பிறகுதான் பை இறக்குபவர்கள் நெருங்கலாம். 2022 டிசம்பர் 31 அன்று அமெரிக்காவின் அலபாமா மாநிலம் மாண்ட்கோமரியில் வந்து நின்ற எம்ப்ரேயர் 175 விமானத்தில், தரையில் மின்சாரம் தரும் துணை என்ஜின் வேலை செய்யவில்லை. வெளியிலிருந்து மின்வயர் கொடுக்கும்வரை ஒரு பிரதான என்ஜினை ஓடவிட்டிருந்தார்கள். என்ஜின் ஓடும் என்று ஊழியர்களுக்கு முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தது, விளக்கும் எரிந்தது. ஆனாலும் தரைப் பணியாளரான ஒரு பெண் என்ஜினுக்கு முன்னால் போய்விட்டார். உயிர் போனது. அவர் வேலை பார்த்த நிறுவனத்துக்கு விதிக்கப்பட்ட அபராதம் 15,625 டாலர். சட்டம் அனுமதித்த உச்சபட்சத் தொகையே அதுதான்.

என்ஜின் ஓய்ந்த விமானமும் சாது இல்லை. 2019 ஜூலை 10 பின்னிரவில் கொல்கத்தாவில் நிறுத்தியிருந்த ஸ்பைஸ்ஜெட்டின் க்யூ400 விமானத்தில் சக்கரப் பகுதியில் ஓர் இளம் பயிற்சித் தொழிலாளி வேலை பார்த்துக்கொண்டிருந்தார். சக்கர அறையின் கதவு ஹைட்ராலிக் அழுத்தத்தில் திடீரென்று மூடிக்கொண்டது. கதவை உடைத்துத்தான் அவரை எடுக்க முடிந்தது. உயிர் இல்லை. பயணி யாரும் இல்லாத, பறக்காத, நகரவே செய்யாத விமானம் அது.

இயற்கையும் தன் பங்குக்கு வருகிறது. விமானம் காற்றைப் பிடிப்பதற்காகவே செய்யப்பட்ட பொருள். நிறுத்திவைத்தாலும் அது பிடிக்கத்தான் பார்க்கும். புயல் எச்சரிக்கை வந்தால் மூக்கைக் காற்று வரும் திசைக்குத் திருப்பி, எல்லாச் சக்கரங்களுக்கும் கட்டை வைத்து, எடை கூட எரிபொருளை நிரப்பிவைக்கிறார்கள். சிறிய விமானங்களைக் கயிறு போட்டுக் கட்டுகிறார்கள். கூடியவரை வேறு ஊருக்குப் பறக்கவிட்டு விடுவதே நல்லது. 2015 டிசம்பரில் சென்னை விமான நிலையம் வெள்ளத்தில் மூழ்கியபோது அதற்கும் வழியில்லாமல் போனது. விமானங்கள் தண்ணீரில் நின்றன. 2020 மே மாதம் அம்பன் புயல் கொல்கத்தா விமான நிலையத்தில் பழைய ஹேங்கர் ஒன்றைச் சாய்த்தது.

கொல்கத்தாவில் நிறுத்தப்பட்ட விமானங்களைப் பற்றிய பேச்சில் கடைசியாக ஒன்றைக் குறிப்பிட வேண்டும். 1980களில் இண்டியன் ஏர்லைன்ஸுக்காக வாங்கப்பட்ட ஒரு போயிங் 737-200, பின்னர் சரக்கு விமானமாக ஓடி, 2012இல் பணியிலிருந்து ஓய்வுபெற்று கொல்கத்தாவில் ஒரு மூலையில் நிறுத்தப்பட்டது. நிறுவனங்கள் இணைந்தன, தனியார்மயம் வந்தது, கோப்புகள் கை மாறின. இப்படி ஒரு விமானம் தங்களுக்கு இருக்கிறது என்பதே ஏர் இந்தியாவுக்கு மறந்துபோனது. விமான நிலைய நிர்வாகம் மட்டும் மறக்கவில்லை. நிறுத்துக் கட்டணம் ஏறிக்கொண்டே இருந்தது. 13 வருடங்களுக்குப் பிறகு, உங்கள் விமானத்தை எடுத்துச் செல்லுங்கள் என்று கேட்டபோதுதான் விஷயம் தெரியவந்தது. கட்டிய தொகை ஏறத்தாழ 1 கோடி ரூபாய். 2025 நவம்பரில் அதை லாரியில் ஏற்றி பெங்களூருக்குக் கொண்டுபோனார்கள். பறக்க அல்ல. விமானப் பராமரிப்பு என்ஜினியர்களுக்குத் தரையில் நின்று பயிற்சி கொடுக்க.